ஏரி தெரியும் பாறைக்கு இரண்டு முறை

சேலம் மூக்கனேரிக் கரையில் 11 வருடமாகக் காலை நடை போகிறேன். வீடு கன்னங்குறிச்சியில், கரை கூப்பிடு தூரம். கரையில் நின்று வடக்கே பார்த்தால் சேர்வராயன் மலை வானத்தில் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கும். மழை விட்ட மறுநாள் காலையில் மலை நாலடி முன்னால் வந்துவிட்டதுபோல் இருக்கும். மண் சரிந்த செந்நிறக் கீற்று, மொட்டைப் பாறை, உச்சியில் வரிசையாக நிற்கும் மரங்கள் எல்லாம் தனித்தனியாகத் தெரியும். அங்கே நிற்கிற ஒருவருக்கு இந்த ஏரி எப்படித் தெரியும் என்கிற எண்ணம் எப்போது மனசுக்குள் நுழைந்தது என்று நினைவில்லை. நுழைந்தபின் போகவில்லை.

மலைமேல் ஏற்காட்டில், லேடீஸ் சீட் என்கிற காட்சிமுனையில் நின்றால் சேலம் முழுக்கத் தெரியும்தான். நானும் பலமுறை நின்றிருக்கிறேன். ஆனால் அங்கே கூட்டத்துக்கு நடுவில் ஐந்து நிமிஷம் அமைதியாக உட்கார முடியாது. எங்கள் தெருவுக்கு மிளகும் காப்பிக்கொட்டையும் கொண்டுவரும் மலை ஊர் அம்மா ஒருவர் இருக்கிறார். அவரிடம் ஒருநாள் பேச்சுவாக்கில் கேட்டேன். "எங்க ஊருக்கு மேல ஒரு பாறை இருக்குதும்மா. அதுல உக்காந்தா உங்க ஏரி தட்டுல தண்ணி வெச்ச மாதிரி தெரியும்" என்றார். அதோடு என் தூக்கம் போனது.

அந்த ஊரின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. ஏற்காட்டின் தெற்கு விளிம்பில் இருக்கிற சின்ன ஊர். வழி முழுக்கத் தனியார் தோட்டங்களுக்கு நடுவே போகிறது, பாறைக்கு அப்பால் காப்புக்காடு தொடங்குகிறது. இருபது பேர் கும்பலாகப் போய்ச் சிப்ஸ் பாக்கெட்டை வீசிவிட்டு வருகிற இடமாக அது ஆகிவிடக் கூடாது என்று உண்மையாகவே கவலைப்படுகிறேன். இதே மாதிரி வழிகள் ஏற்காட்டைச் சுற்றிலும் உண்டு. நான் பட்டதை நீங்கள் எந்த மலையிலும் பயன்படுத்திக்கொள்ளலாம்.

முதல் முறை போனது டிசம்பர் இரண்டாவது ஞாயிறு. நான், என் தம்பி, கல்லூரி முதல் வருடம் படிக்கும் அவன் மகள். முந்தைய வாரமே வனத்துறை அலுவலகத்தில் கேட்டுவிட்டோம். பாறை வரை பட்டா நிலம்தான், தோட்டக்காரரிடம் சொல்லிவிட்டுப் போகலாம், அதைத் தாண்டிக் காட்டுக்குள் அனுமதியில்லாமல் கால் வைக்கக் கூடாது, ஊர் ஆளைக் கூட்டிக்கொள்ளுங்கள் என்றார்கள். இந்தக் கண்டிப்பு தேவைதான். தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச் மாதம் காட்டுத்தீயில் சிக்கி மலையேறப் போன இளம் பிள்ளைகள் இறந்தார்கள். அதன் பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கு முறையான விதிகள் வந்தன. இப்போது வனத்துறையே வழிகாட்டியோடு கூட்டிப்போகும் 40 பாதைகளை அறிவித்திருக்கிறது. புதிதாகத் தொடங்குபவர்கள் அவற்றில் ஒன்றில் போய்ப் பழகுவது நல்லது.

சொன்னதில் முதல் இரண்டைக் கேட்டோம், மூன்றாவதை விட்டுவிட்டோம். காப்பிப் பழம் பறிக்கும் பருவம். ஊரில் நடமாட முடிந்தவர்கள் எல்லோரும் வேலைக்குப் போயிருந்தார்கள். டீக்கடையில் இருந்த பாட்டி, "இப்படியே மேல ஏறுங்க, அரை மணி நேரம்" என்று கையைக் காட்டினார். அரை மணி நேரத்துக்கு எதற்கு ஆள் என்று தம்பி சொன்னான். எனக்கும் அது சரியென்றே பட்டது. கிளம்பும்போது மணி பத்தேகால்.

மலை ஊர்க்காரர்கள் பொய் சொல்வதில்லை. அவர்களுக்கு அது அரை மணி நேரம்தான். தலையில் விறகுக் கட்டோடு அந்த மேட்டை ஏறிப் பழகிய கால்கள் அவை. சமவெளியில் நடக்கிற நமக்கு அதே வழி இரண்டு மடங்கு ஆகும், வழி தெரியாவிட்டால் நாலு மடங்கு. இப்போதெல்லாம் நேரம் கேட்பதில்லை. "எத்தனை ஓடை தாண்டணும்? எத்தனை இடத்தில் வழி பிரியுது? எந்த மரத்துக்கிட்டத் திரும்பணும்?" என்று கேட்கிறேன். அதற்கு வருகிற பதில் துல்லியமாக இருக்கிறது.

காப்பித் தோட்டத்துக்குள் நுழைந்ததும் முதல் குழப்பம். சில்வர் ஓக் மரங்கள் நெட்டையாக நிற்க, அவற்றில் மிளகுக் கொடி ஏறியிருக்க, அடியில் காப்பிச் செடி வரிசை வரிசையாகப் போகிறது. ஒவ்வொரு வரிசைக்கு நடுவிலும் ஒரு தடம், நன்றாக மிதிபட்டுப் பளிச்சென்று இருக்கும். அது பழம் பறிப்பவர்கள் நடந்து உண்டான தடம். வரிசை முடிகிற இடத்தில் தடமும் முடிந்துவிடும். இப்படி மூன்று தடங்களில் போய் மூன்றிலும் முட்டி நின்று திரும்பினோம். அதிலேயே ஒன்றரை மணி நேரம் போனது.

தோட்டத்துக்கு மேலே ஏற்றம் கடுமையானது. மழையில் ஊறிய செம்மண், அதன்மேல் காய்ந்த சில்வர் ஓக் இலை ஒரு சாண் கனத்துக்கு. அந்த இலையின் ஒரு பக்கம் வெள்ளிப் பூச்சு பூசியதுபோல் வழவழவென்றிருக்கும். இலைமேல் இலை விழுந்து கிடப்பதை மிதித்தால் இரண்டு இலைக்கும் நடுவே கால் வழுக்கும். நுனிக்காலை ஊன்றி ஏறினால் கெண்டைக்கால் பத்து நிமிஷத்தில் எரிய ஆரம்பிக்கிறது. பாதத்தைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பி முழுசாகப் பதித்து, அப்படியும் இப்படியுமாக வளைந்து ஏற வேண்டும் என்று அன்றைக்குத் தெரியாது. நேராகவே ஏறினோம். பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகம்தான் சரியான வேகம். நாங்கள் மூன்று பேரும் வாய் திறக்காமல் மூச்சிரைக்க ஏறியதே தப்பின் அடையாளம்.

மணி இரண்டரைக்கு ஒரு முகட்டுக்கு வந்தோம். பாறையைக் காணவில்லை. பனிமூட்டம் கீழிருந்து ஏறி வந்து இருபதடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாமல் செய்துவிட்டது. "இன்னும் கொஞ்சம் தூரம்தான் இருக்கும் அக்கா" என்றான் தம்பி. மூன்று மணிக்குத் திரும்ப வேண்டும் என்று காலையிலேயே பேசி வைத்திருந்தோம். அந்தப் பேச்சை மீறாமல் திரும்பியது ஒன்றுதான் அன்றைக்கு நாங்கள் சரியாகச் செய்தது. டிசம்பரில் ஆறு மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். மரத்தடியில் ஐந்தரைக்கே இருட்டு. ஏறிக் களைத்த காலோடு வழுக்கும் சரிவில் இறங்க, ஏறிய நேரத்தில் முக்கால்வாசியாவது வேண்டும்.

அடுத்து நடந்ததை விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் மலையில் வழி தவறுபவர்களில் பெரும்பாலானோர் இங்கேதான் தவறுவார்கள் என்று நினைக்கிறேன். ஏறும்போது தடங்கள் ஒன்று சேரும். விறகுக்குப் போனவர் தடம், ஆடு மேய்க்கிறவர் தடம், தோட்டத்துத் தடம் எல்லாம் மேலே போகப் போக ஒரே முகட்டில் வந்து கூடிவிடும். அதனால் எதில் ஏறினாலும் ஏதோ ஒரு விதத்தில் மேலே போய்ச் சேர்ந்துவிடுகிறோம். தப்பு தெரிவதே இல்லை. இறங்கும்போது அதே தடங்கள் விரல் விரித்த மாதிரிப் பிரிகின்றன. ஒவ்வொரு பிரிவிலும் ஒன்றுதான் நம் ஊருக்குப் போகும். மற்றது வேறு சரிவுக்கு, வேறு பள்ளத்துக்குப் போகும். ஏறும்போது நாம் அந்தப் பிரிவைப் பார்த்திருக்கவே மாட்டோம். பக்கத்திலிருந்து வந்து சேர்ந்த தடம் நமக்கு முதுகுப்பக்கம் இருந்திருக்கும்.

நாங்கள் நன்றாக மிதிபட்ட தடத்தைப் பிடித்து இறங்கினோம். முக்கால் மணி நேரம் கழித்து அது இடுப்புயரப் புதருக்குள் குகை மாதிரி நுழைந்தது. குனிந்து குனிந்து போனோம். உண்ணிச்செடி முள் கையெல்லாம் கிழித்தது. அப்புறம் சரிவு திடீரென்று செங்குத்தானது. தம்பி மகள் முன்னால் போய்க்கொண்டிருந்தாள். இலையில் கால் வைத்தாள், சறுக்கியது, ஏழெட்டு அடி உட்கார்ந்தபடியே போய் ஒரு மரத்தின் அடிவேரைப் பிடித்து நின்றாள். உள்ளங்கை உராய்ந்து தோல் உரிந்திருந்தது. அவள் காலுக்குக் கீழே உருண்ட கல் விழுந்து நிற்கிற சத்தத்துக்காகக் காத்திருந்தேன். ரொம்ப நேரம் கழித்துத்தான் கேட்டது.

கீழே எங்கேயோ தண்ணீர் ஓடும் சத்தம். "அத்தை, ஓடை கேக்குது. தண்ணி போற வழியே போனா ஊர் வந்துடும்ல?" என்றாள். பல பேர் சொல்லிக் கேட்ட யோசனைதான். இந்த மலையில் அது உயிருக்கு ஆபத்தானது. ஏற்காடு மேட்டில் தட்டையாகப் பரந்து, விளிம்பில் செங்குத்தாக இறங்குகிற மலை. மேட்டில் மெதுவாக ஓடுகிற ஓடை விளிம்புக்கு வந்ததும் அருவியாக விழுந்துவிடும். ஏற்காடு ஏரியின் உபரி நீர் அப்படித்தான் கிள்ளியூரில் 300 அடி விழுகிறது. தண்ணீர் பாறையிலிருந்து குதிக்கும், நம்மால் முடியாது. கிள்ளியூர் அருவியை நினைத்துப் பார்த்தேன், அந்தச் சத்தத்தின் பக்கம் ஓரடிகூடப் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

உட்கார்ந்தோம். பயத்தில் எழுந்து ஓடத்தான் உடம்பு சொல்லும்; அதனால் வலுக்கட்டாயமாக உட்கார வேண்டியிருந்தது. மிச்சம் இருந்த எலுமிச்சை சாதத்தைப் பங்கிட்டோம், அவள் கையைக் குடிதண்ணீரில் கழுவித் துணி கட்டினோம். பத்து நிமிஷத்தில் மூளை வேலை செய்ய ஆரம்பித்தது. கடைசியாக எந்த இடத்தை மூன்று பேரும் சந்தேகமில்லாமல் அடையாளம் சொல்ல முடியும்? தோட்டத்து மேல்முனையில் ஒரு சில்வர் ஓக் கிளையில் நீலச் சாக்கு தொங்கியதை மூன்று பேரும் பார்த்திருந்தோம். அதற்கு மேலே முகட்டில் ஒரு இரட்டைப் பாறை. அதுவரை திரும்பி ஏற வேண்டும், வேறு வழியே இல்லை. இறங்கிய உயரத்தை மறுபடி ஏறுவது மனசுக்கு எவ்வளவு கசப்பு என்பது அனுபவித்தால்தான் தெரியும். குறுக்கே போனால் பிடித்துவிடலாம் என்று மனசு ஆசை காட்டும். குறுக்கே போகாதீர்கள். வந்த தடத்திலேயே திரும்பி, தெரிந்த இடம் வரை ஏறுங்கள்.

இரட்டைப் பாறையைப் பிடித்தபோது மணி ஐந்து. அங்கிருந்து நீலச் சாக்கு. தோட்டத்துக்குள் வேலை முடிந்து திரும்பும் பெண்களின் பேச்சுக் குரல் கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. செல்போன் வெளிச்சத்தில் ஆறேகாலுக்கு ஊருக்குள் வந்தோம். காலுறையைக் கழற்றினால் ஐந்தாறு அட்டை. பிய்த்து இழுக்காமல், வாய் ஒட்டியிருக்கும் இடத்தில் நகத்தை வைத்துப் பக்கவாட்டில் தள்ளினால் விட்டுவிடும். ரத்தம் நிற்காமல் கசியும். ரத்தம் உறையாமலிருக்க அது ஒரு சுரப்பை விடுகிறது. கழுவி அழுத்திப் பிடித்தால் போதும், பயப்பட ஒன்றுமில்லை.

தம்பி மனைவி ஒரு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை. அவள் கோபத்தில் நியாயம் இருந்தது. எங்கே போகிறோம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தோமே தவிர, எத்தனை மணிக்குள் கூப்பிடாவிட்டால் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று அவளிடம் சொல்லி வைக்கவில்லை. மாலை நாலு மணியிலிருந்து கிடைக்காத எண்ணைத் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இப்போது ஊர்ப் பெயர், கூட வருபவர் எண், திரும்பும் நேரம், தாண்டினால் கூப்பிட வேண்டிய எண் எல்லாவற்றையும் எழுதி அவளிடம் கொடுத்துவிட்டுத்தான் செருப்பை மாட்டுகிறேன்.

இரண்டாவது முறை, பொங்கல் முடிந்த அடுத்த ஞாயிறு. இந்தத் தடவை மிளகுக்கார அம்மாவே தன் சித்தப்பாவை ஏற்பாடு செய்தார். எழுபதைத் தாண்டிய மனிதர். மலையாளிப் பழங்குடி, பெயர்தான் மலையாளி, பேசுவது தமிழ்தான், சேர்வராயன் சாமி அவர்கள் சாமி. ஒரு நாள் கூலி எவ்வளவு என்று முதலிலேயே கேட்டுப் பேசிக்கொண்டோம். இதைத் தயவுசெய்து எல்லோரும் செய்யுங்கள். அவர் தோட்ட வேலையை விட்டுவிட்டு நமக்காக வருகிறார், 'ஏதாவது பார்த்துக் கொடுங்கள்' என்று அவரைக் கூச வைக்கக் கூடாது.

காலை ஏழு மணிக்கு நடக்க ஆரம்பித்தோம். ஐயா எனக்குக் கற்றுக்கொடுத்ததை எந்தப் பள்ளியிலும் கற்றுக்கொடுக்க மாட்டார்கள். தடம் இரண்டாகப் பிரிந்த முதல் இடத்தில் நின்று, "எதுல போகலாம் பாப்பா?" என்று தம்பி மகளைக் கேட்டார். அவள் அகலமான தடத்தைக் காட்டினாள். அவர் தலையசைத்து, குறுகலான தடத்தின் ஓரத்திலிருந்த செடியைக் காட்டினார். தோள் உயரத்தில் ஒரு கிளை சாய்வாக வெட்டுப்பட்டிருந்தது. விரலை வைத்துப் பார்த்தேன். பழைய வெட்டு, சாம்பல் நிறமாகி, ஓரத்தில் பட்டை உதடு மாதிரி மடிந்து மூடிக்கொண்டு வந்தது. அதற்குப் பத்தடி தள்ளி இன்னொன்று, இது புதுசு, உள்மரம் இன்னும் வெளிர் மஞ்சளாக இருந்தது. "மனுசன் போற வழின்னா அருவா வெட்டு இருக்கும்மா. மாடு போற வழியில வெட்டு இருக்காது. மாட்டுக்கு முதுகுக்கு மேல எதுவும் வேண்டாம், மனுசனுக்குத் தலைக்கு மேல வேணும்." முதல் தடவை நாங்கள் குனிந்து குனிந்து போனோமே, அது காட்டெருமைத் தடம். எங்கே குனிய வேண்டி வருகிறதோ அங்கேயே நின்று யோசித்திருக்க வேண்டும்.

அன்றைக்கு இன்னும் சிலதைச் சொன்னார். முகத்தில் சிலந்தி வலை ஒட்டினால் இன்றைக்கு அந்த வழியில் யாரும் போகவில்லை. பாறையில் வழி அழிந்துவிட்டதுபோல் தெரிந்தால், காலம் காலமாகக் கால் பட்ட இடத்தில் பாசி இருக்காது, அந்த வெளுத்த கோட்டைப் பிடிக்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமாக ஒன்று. வழி பிரிகிற, சேர்கிற ஒவ்வொரு இடத்திலும் அவர் நின்று திரும்பி, வந்த பக்கத்தைப் பார்த்தார். முதலில் நாங்கள் பின்னால் வருகிறோமா என்று பார்க்கிறார் என நினைத்தேன். "திரும்பி வரப்ப வழி வேற மொகம் காட்டும்மா. போறப்பவே அந்த மொகத்தையும் பாத்து வெச்சுக்கணும்" என்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு பிரிவிலும் திரும்பி நின்று வந்த வழியைப் பார்த்து ஒரு போட்டோ எடுத்துக்கொள்கிறேன். போட்டோவில் நேரமும் பதிவாகிவிடுவதால் இறங்கும்போது எந்த இடத்துக்கு எவ்வளவு நேரம் என்பதும் தெரிந்துவிடுகிறது.

செல்போனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சிக்னல் இல்லாத இடத்திலும் ஜிபிஎஸ் வேலை செய்யும், அதற்கு டவர் தேவையில்லை. ஆனால் வரைபடத்தை வீட்டிலேயே பதிவிறக்கி வைத்திருக்க வேண்டும். இந்த மாதிரி ஒற்றையடிப் பாதைகள் வரைபடத்தில் இருக்காது; அதனால் கிளம்பும்போதே நடந்த தடத்தைப் பதிவு செய்யும் வசதியைப் போட்டுவிட்டால், திரும்பும்போது அந்தக் கோடு பெரிய ஆறுதல். டவரைத் தேடித் தேடித்தான் பேட்டரி தீரும். ஏரோப்ளேன் மோடில் போட்டு வையுங்கள், ஜிபிஎஸ் அப்போதும் ஓடும். கையடக்க டார்ச் ஒன்று தனியாக வேண்டும். முதல் முறை மூன்று செல்போனில் ஒன்றில்தான் உயிர் இருந்தது.

பாதி வழியில் ஐயா சட்டென்று கையை உயர்த்தினார். தடத்தின் நடுவே சாணி, இன்னும் ஆவி பறந்துகொண்டிருந்தது. அவர் கம்பால் பாறையில் டக் டக்கென்று தட்டி, சத்தமாகப் பேச ஆரம்பித்தார். மேலே புதரில் கிளை முறிகிற சத்தமும் ஒரு கனமான மூச்சும் கேட்டன. காட்டெருமை பெரும்பாலும் தானாக மனிதரைத் தேடி வந்து முட்டுவதில்லை. திருப்பத்தில் திடீரென்று எதிரில் போய் நிற்பதும், கன்றோடு இருக்கும்போது நெருங்குவதும்தான் ஆபத்து. நாம் வருவது அதற்கு முன்கூட்டியே தெரிய வேண்டும், ஒதுங்கிப் போக வழியும் விட வேண்டும். இருபது நிமிஷம் அசையாமல் நின்றோம். காதில் பாட்டு மாட்டிக்கொண்டு நடக்கிற பிள்ளைகளை நினைத்தால் அதிலிருந்து எனக்குப் பதறுகிறது.

எட்டு ஐம்பதுக்குப் பாறையில் இருந்தோம். நாங்கள் முதல் முறை திரும்பிய முகட்டிலிருந்து அது கால் மணி நேரத் தூரம்தான். அன்று பனியில் அந்தக் கால் மணி நேரத்தையும் நடந்திருந்தால் விளிம்பு எங்கே என்று தெரியாமலே விளிம்புக்குப் போயிருப்போம்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை, கீழே வெள்ளையாகப் பஞ்சு. ஐயா வெற்றிலை மடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வெயில் ஏற ஏறப் பஞ்சு கிழிந்து நகர்ந்தது. முதலில் மேற்கே கஞ்சமலை முதுகு, அப்புறம் தெற்கே ஜருகுமலை, வலப்பக்கம் கீழே நகரமலை, இடப்பக்கம் தூரத்தில் கோதுமலை. சேலத்தைச் சுற்றி மலைகள் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். நாலும் ஒரே பார்வையில் எழுந்து நின்றபோது நம் ஊர் ஒரு கிண்ணத்துக்குள் இருக்கிறது என்பது புரிந்தது. வெள்ளைக்கல் சுரங்கங்கள் சுண்ணாம்பு தடவினாற்போல் வெளுத்துக் கிடந்தன. அதற்கு அப்புறம் கடைசியாக, எங்களுக்கு நேர் கீழே, ஏரி.

மூக்கனேரி தட்டில் வைத்த தண்ணீராகத்தான் இருந்தது, அந்த அம்மா சொன்ன மாதிரியே. தூர்வாரிய மண்ணை வைத்து உள்ளே திட்டுத் திட்டாக அமைத்து மரம் நட்டார்களே, அவை ஒவ்வொன்றும் கடுகு தெளித்த மாதிரிக் கருப்புப் புள்ளி. பக்கத்திலேயே கன்னங்குறிச்சி புது ஏரி. கரையில் நின்று பார்க்கும்போது ஏரி தனியாக, தானாக இருப்பதுபோல் தோன்றும். மேலேயிருந்து பார்த்தால் அப்படி இல்லை. நாங்கள் தாண்டி வந்த ஓடைகளின் பள்ளங்கள் மலையின் அடிவாரம் வரை பச்சை நரம்பு மாதிரி இறங்குகின்றன. அடிவாரத்துக்கு அப்புறம் அந்தப் பச்சை வயலுக்கும் வீட்டு மனைக்கும் நடுவே சில இடத்தில் மெலிந்து, சில இடத்தில் அறுந்து, எப்படியோ ஏரியைத் தொடுகிறது. நான் தினமும் பார்க்கிற தண்ணீர் இந்தப் பாறையைத் தொட்டு வந்த மழை. தம்பி மகள், "அத்தை, நம்ம தெரு எது?" என்று தேடிக்கொண்டிருந்தாள். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம்.

பாறையின் அடியில் மலைத்தேனீ கூடுகள் இரண்டு தொங்கின. வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு வராதீர்கள், தீ மூட்டவே கூடாது, கத்தாதீர்கள் என்று ஐயா சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

இறங்குவதற்குச் சில வார்த்தை. கிளம்பும் முன் ஷூ நாடாவைக் கணுக்காலோடு இறுக்கிக் கட்டுங்கள். இல்லாவிட்டால் பாதம் முன்னால் சரிந்து பெருவிரல் நகம் கறுத்துப்போகும். முழங்காலைச் சற்று மடக்கி, பக்கவாட்டில் சின்னச் சின்ன அடியாக வைக்க வேண்டும். பிடிக்க வேண்டுமென்றால் மரத்தின் அடித்தண்டைப் பிடியுங்கள். காய்ந்த கிளை கையோடு வந்துவிடும்; காப்பிச் செடியைப் பிடித்து இழுத்தால் ஒருவருடைய விளைச்சல் போகும். ஒருவருக்கு நேர் கீழே இன்னொருவர் போகக் கூடாது, கல் உருண்டால் உடனே குரல் கொடுக்க வேண்டும். தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டர். மலை குளிராக இருக்கிறது என்று குறைத்து எடுத்துப் போனால் திரும்பும்போது தசை பிடித்துக்கொள்ளும். உப்பு போட்ட எலுமிச்சைத் தண்ணீரும் கடலை மிட்டாயும் எனக்குப் போதுமானதாக இருக்கிறது.

மாசி மாதம் ஐயா கண் பரிசோதனைக்காகச் சேலத்துக்கு வந்தார். கண்ணாடி வாங்கியபின் வீட்டுக்கு அழைத்து வந்து சாப்பாடு போட்டு, சாயங்காலம் ஏரிக்கரைக்குக் கூட்டிப்போனேன். பிறந்ததிலிருந்து மேலேயிருந்து பார்த்த ஏரி. கரையில் நின்றது அதுதான் முதல் தடவையாம். "இத்தனை பெருசா!" என்று தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் வழக்கம்போல் திரும்பி மலையைப் பார்த்தார். ஒரு நொடிகூட ஆகவில்லை, கையிலிருந்த கம்பை நீட்டி, "அந்தா, நம்ம பாறை" என்றார். வெளிர் சாம்பலாக ஒரு நகக்கண் அளவு. நான் 11 வருடமாகப் பார்த்திருந்தும் தெரியாத பாறை.

"அதுக்கு இந்தப் பக்கம் ஒரு பள்ளம் இறங்குது பாருங்க. பாப்பா சறுக்கினது அங்கதான்."

பார்த்தேன். பச்சைப் பள்ளம் மலை பாதி வரை இறங்கி வந்து ஒரு கருப்புப் பட்டையில் முடிந்தது. அதற்குக் கீழே மரமே இல்லை. அது பாறைச் சுவர் என்றும், மழைக்காலத்தில் ஓடை அதில் வெள்ளைக் கோடாக விழுவது ஊரிலிருந்து பார்த்தாலே தெரியும் என்றும் ஐயா சொன்னார்.